வோலோஸும் பீலியோ மலையும்: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கிரீஸ் போய் வந்தேன் என்றதுமே எல்லோரும் சாந்தோரினி படங்களைக் காட்டச் சொல்கிறார்கள். நான் சாந்தோரினி போகவே இல்லை. இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் வோலோஸ் என்ற துறைமுக நகரத்தில்தான் தங்கினேன், முதல் முறை 9 நாள், அடுத்த முறை 6 நாள். அதிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து சலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

முதலில், வோலோஸ் எங்கே இருக்கிறது?

ஏதென்ஸுக்கு வடக்கே சுமார் 330 கிலோமீட்டர். தெஸ்ஸாலி சமவெளி கடலைத் தொடும் இடம். முன்னால் பகாசா வளைகுடா, ஏரி போல அமைதியான கடல். பின்னால் பீலியோ மலை, ஆங்கிலத்தில் பெலியன் என்பார்கள். அந்த மலை அப்படியே தெற்கே நீண்டு, கடலுக்குள் போய், மடக்கிய விரல் மாதிரி வளைந்து வளைகுடாவைக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. வரைபடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மேலே படியுங்கள், நான் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் அந்த வளைந்த விரலில்தான் இருக்கிறது.

நகராட்சி எல்லைக்குள் சுமார் 1,40,000 பேர். பல்கலைக்கழகம் இருப்பதால் இரவு பத்து மணிக்கும் கடற்கரைச் சாலையில் இளைஞர் கூட்டம் இருக்கும். இது சுற்றுலாவுக்கென்று அலங்கரித்து வைத்த ஊர் இல்லை, வேலை செய்து பிழைக்கிற ஊர், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஊர் அழகாக இருக்குமா?

உண்மையைச் சொன்னால், சுமார்தான். 1955-இல் வந்த நிலநடுக்கத்தில் பழைய வீடுகள் பெரும்பாலும் போய்விட்டன. அதன் பிறகு கட்டியதெல்லாம் பால்கனி வைத்த கான்கிரீட் அடுக்குமாடிகள். முதல் நாள் பேருந்தை விட்டு இறங்கியதும் எனக்கும் ‘இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்றுதான் இருந்தது. ஆனால் மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். அது நீளமாக, கார் தொந்தரவு அதிகமில்லாமல், ஒரு பக்கம் காபிக் கடைகளும் இன்னொரு பக்கம் மீன்பிடிப் படகுகளுமாக புனித கான்ஸ்டன்டைன் தேவாலயம் வரை போகிறது. தேவாலயம் தண்ணீரை ஒட்டியே நிற்கிறது. நடக்கும்போது திரும்பிப் பார்த்தால் மலை முழுவதும் தெரியும், இருட்டியதும் மேலே இருக்கும் கிராமங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அதைப் பார்த்த பிறகு கான்கிரீட்டை மன்னித்துவிட்டேன்.

அப்படியானால் படகு ஏறும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கியாதோஸ் போய்விடலாமா?

பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்கியாதோஸ், ஸ்கோபெலோஸ், அலோனிஸோஸ் ஆகிய மூன்று தீவுகளுக்கும் இங்கிருந்து கப்பல் போகிறது. பெரிய கப்பலில் ஸ்கியாதோஸுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், விரைவுப் படகில் அதைவிடக் குறைவு. காலையில் பேருந்தில் வந்து இறங்கி, துறைமுகத்தில் ஒரு காபி குடித்துவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு கப்பலில் ஏறிப் போய்விடுவார்கள். தலைக்கு மேலே 1,624 மீட்டர் உயர மலை ஒன்று நிற்பதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

நான் யாரிடமும் இதைத்தான் சொல்வேன்: தீவுக்குப் போவதென்றால் போங்கள், ஆனால் வோலோஸில் குறைந்தது நான்கு இரவு தங்கிவிட்டுப் போங்கள். காலையில் மேகத்துக்குள் செஸ்ட்நட் மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு அதே மதியம் கடலில் குளிப்பதற்கு இந்த அளவு வசதியான ஊர் கிரீஸில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எப்படிப் போவது?

ஏதென்ஸில் லியோசியோன் என்ற பேருந்து நிலையத்திலிருந்து வோலோஸுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். ஏதென்ஸில் வெளியூர்ப் பேருந்து நிலையங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு, டாக்ஸிக்காரரிடம் நிலையத்தின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். தெஸ்ஸலோனிகியிலிருந்து வந்தால் தூரம் குறைவு, சுமார் 210 கிலோமீட்டர். ஊருக்குப் பக்கத்தில் நேயா ஆங்கியாலோஸில் சிறிய விமான நிலையம் உண்டு, கோடைக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களிலிருந்து சில விமானங்கள் வரும், நமக்கு அது பெரிதாகப் பயன்படாது.

ரயிலைப் பற்றி: ஏதென்ஸ்–தெஸ்ஸலோனிகி பாதையில் லாரிசாவில் இறங்கி மாறி வர வேண்டும் என்பது பழைய வழக்கம். லாரிசாவிலிருந்து வோலோஸ் வரும் பாதை 2023 செப்டம்பர் வெள்ளத்தில் மோசமாகச் சேதமானது. ரயில் ஓடுகிறதா என்று பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

விசா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கால நேர்காணல் தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு சின்ன விஷயம், தங்குமிடம் என்ற இடத்தில் வோலோஸ் என்று எழுதினால் ஏன் அங்கே என்று கேட்கக்கூடும். என்னிடம் கேட்டார்கள். பீலியோவில் மலையேற்றம் என்றேன், சரி என்று எழுதிக்கொண்டார்கள்.

எந்த மாதம் நல்லது?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை. மலை முழுக்கப் பச்சை, ஓடைகளில் தண்ணீர் ஓடும், கடல் கொஞ்சம் குளிராக இருந்தாலும் இறங்கலாம். அக்டோபர் தொடக்கமும் நல்லது, கடல் வெதுவெதுப்பு போகாமல் இருக்கும், ஆப்பிள் அறுவடை நடக்கும். ஆகஸ்ட் 15 கன்னி மரியாள் திருநாள், அந்த வாரம் கிரீஸ் முழுவதும் விடுமுறையில் போய்விடும், அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும்.

குளிர்காலம் வேறு கதை. மேலே ஹானியா என்ற இடத்துக்குப் பக்கத்தில் பனிச்சறுக்கு மையம் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வளைகுடா, மறுபக்கம் ஏஜியன் கடல். மலைக் கிராம விடுதிகளுக்குக் குளிர்கால வார இறுதிதான் திருவிழா, அடுப்பில் விறகு எரிய ஊரே நிரம்பிவிடும். அதனால் ‘சீசன் இல்லாத நேரம், மலிவாகக் கிடைக்கும்’ என்று கணக்குப் போட்டு டிசம்பரில் போகாதீர்கள்.

2023-இல் வெள்ளம் என்றார்களே, இப்போது போகலாமா?

போகலாம். ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. செப்டம்பர் முதல் வாரத்தில் டேனியல் என்ற புயல் தெஸ்ஸாலியின் மேல் நின்றுவிட்டது. பீலியோவின் கிழக்குச் சரிவில் ஸகோரா கிராமத்தில் ஒரே நாளில் 750 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. வோலோஸ் நடுவே ஓடும் வறண்ட ஆறுகள் கரை உடைத்தன, பாலங்கள் போயின, நகரத்தில் பல நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்றார்கள். அந்த மாதக் கடைசியிலேயே எலியாஸ் என்று இன்னொரு புயல் வந்து ஊரை மறுபடி மூழ்கடித்தது.

கதை அதோடு முடியவில்லை. அருகில் கார்லா என்று ஓர் ஏரி. 1962-இல் விவசாயத்துக்காக அதை முழுவதும் வடித்துவிட்டார்கள், பிறகு தவறு புரிந்து ஒரு பகுதியை மறுபடி நிரப்பினார்கள். டேனியல் வந்தபோது ஏரி தன் பழைய இடத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் ஆகஸ்டில் அங்கிருந்து நன்னீர் மீன்கள் வெள்ளமாக வளைகுடாவுக்குள் வந்து, உப்புத் தண்ணீர் பட்டதும் செத்து மிதந்தன. 100 டன்னுக்கு மேல் அள்ளினார்கள், துறைமுகமே வெள்ளியாக மினுங்கி நாறிய படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நான் இரண்டாம் முறை போனது அதற்கப்புறம்தான். கடல் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த நாற்றத்தைப் பற்றிப் பேசாத ஒரு கடைக்காரரைக்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் போவதென்றால் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். கிழக்குச் சரிவில் சில நடைபாதைகள் மண்சரிவில் போயிருந்தன, கிளம்பும் முன் தங்கும் விடுதியில் கேட்டுவிட்டு நடங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

ஐந்து நாள் இருந்தால் நிம்மதி. நகரத்துக்கு ஒன்று, மேற்குப் பக்கக் கிராமங்களுக்கு ஒன்று, கிழக்குப் பக்கத்துக்கு இரண்டு, சும்மா இருக்க ஒன்று. அந்த ஐந்தாம் நாளைத் தயவுசெய்து எதையும் போட்டு நிரப்பாதீர்கள்.

கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் என்றால்?

இதுதான் முக்கியம், இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஒரே மலைதான், இரண்டு பக்கமும் இரண்டு நாடு மாதிரி இருக்கும். மேற்குப் பக்கம் வளைகுடாவைப் பார்த்தது: ஆலிவ் தோப்பு, காய்ந்த மண், அலையே இல்லாத வெதுவெதுப்பான கடல், சூரியன் மறைவதைப் பார்க்கலாம். கிழக்குப் பக்கம் திறந்த ஏஜியனைப் பார்த்தது: மழை அதிகம், செஸ்ட்நட் காடு கடலை நோக்கி இறங்கி வரும், கடல் ஆழம், நீலம், குளிர், காற்று வீசினால் அலை ஆளைத் தூக்கும். ஆகஸ்டில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி காற்று வந்தால் கிழக்குக் கரையில் குளிப்பதை மறந்துவிட்டு மேற்கே வந்துவிடுங்கள், அங்கே தண்ணீர் தட்டில் வைத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிழக்குக் கடற்கரைகளில் மலை பின்னாலேயே நிற்பதால் மாலை சீக்கிரமே நிழல் விழுந்துவிடும். மதியம் மூன்று மணிக்கு மெதுவாகப் போய் இறங்கினால் வெயில் போய்விட்டிருக்கும். காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு.

கிழக்கில் எந்தக் கடற்கரை?

மிலோபொதாமோஸ் எல்லாப் படங்களிலும் வருவது. பெரிய பாறை ஒன்று நடுவில், அதில் ஒரு ஓட்டை, இந்தப் பக்கக் கடற்கரையிலிருந்து அந்தப் பக்கம் குனிந்து போகலாம். அழகுதான், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. காலை ஒன்பதுக்குள் போனால் உங்களுக்கு மட்டும் என்று இருக்கும்.

எனக்குப் பிடித்தது தமூஹாரி. கடற்கரை என்று சொல்ல முடியாத அளவு சின்னது. பாறைகளுக்கு நடுவே கடல் உள்ளே வந்து ஒரு சிறிய துறையாக நிற்கிறது, நான்கைந்து படகு, ஓரமாக வெனிஸ்காரர்கள் விட்டுப்போன கோட்டைச் சுவர். மணல் கிடையாது, வெள்ளைக் கூழாங்கல். அங்கிருந்து பாறையோரப் பாதையில் போனால் ஃபாகிஸ்த்ரா என்ற கடற்கரை வரும், கடைசி இறக்கம் செங்குத்து, செருப்போடு போகாதீர்கள்.

அயியோஸ் யோவானிஸ் குடும்பத்தோடு போக வசதி, அறை, உணவகம் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே பாப்பா நேரோ, நீளமான மணல். ஹோரெஃப்தோ, ஸகோராவுக்குக் கீழே. மீதிக் கடற்கரைகளின் பட்டியலை வரைபடமே காட்டும்.

பாறையோரம் இறங்கும்போது ரப்பர் செருப்பு வேண்டும், கடல் முள்ளெலி உண்டு. என் காலில் ஏறிய மூன்று முள்ளை ஓர் உணவகத்து அம்மா ஆலிவ் எண்ணெய் தடவி, ஊசியால் எடுத்துவிட்டார். கடல் சுத்தமாக இருந்தால்தான் முள்ளெலி இருக்கும் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

நடைபாதைகள் கஷ்டமா?

பீலியோவின் உண்மையான சொத்து கல்தெரிமி என்று சொல்கிற கல் பாவிய பாதைகள்தான். கார் சாலை வருவதற்கு முன் கிராமத்துக்குக் கிராமம், கிராமத்திலிருந்து கடலுக்கு என்று கோவேறு கழுதைகள் போகப் போட்டவை. கவனித்துப் பாருங்கள், இரண்டு மூன்று அடிக்கு ஒரு வரிசைக் கல் மற்றவற்றைவிட விரலளவு மேலே தூக்கி இருக்கும். இறக்கத்தில் கழுதையின் குளம்பு வழுக்காமல் அதில் தட்டி நிற்பதற்காக. அந்த மேடுகளின் இடைவெளி கழுதைக்கு அளவெடுத்தது, மனிதக் காலுக்கு இல்லை, அதனால் ஒரு மணி நேரம் இறங்கினால் முழங்கால் வலிக்கத் தொடங்கும். பாசி படிந்து, மேலே செஸ்ட்நட் இலையும் விழுந்து ஈரமாகிவிட்டால் கண்ணாடி மேல் நடப்பது போல. கிழக்குச் சரிவில் இருக்கும் ட்ஸகராதா என்ற கிராமத்திலிருந்து தமூஹாரிக்கு இறங்கியபோது நான் இரண்டு முறை உட்கார்ந்தேன், இஷ்டப்பட்டு இல்லை.

ஆனாலும் அந்த ஒரு பாதைக்காகவே மறுபடி போவேன். மேலே கிராமத்துச் சதுக்கத்தில் பிளேன் என்ற பெரிய நிழல் மரம் ஒன்று, ஆயிரம் வயது என்கிறார்கள், அடிமரத்தைச் சுற்றிப் பிடிக்க ஒரு கூட்டமே கை கோக்க வேண்டும். அதன் நிழலில் காபி குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினால் முதலில் காடு, ஓடைச் சத்தம், ஈரமண் வாசனை. பிறகு மரம் குறைந்து ஆலிவ் வரும், சிள்வண்டு சத்தம் காதை அடைக்கும். ஒரு வளைவில் சட்டென்று கீழே கடல், அதுவும் எதிர்பார்க்காத நிறத்தில். ஒன்றரை இரண்டு மணி நேர இறக்கம், அவ்வளவுதான். திரும்ப ஏறுவதைப் பற்றி யோசிக்காதீர்கள், கீழேயிருந்து டாக்ஸி கூப்பிடுங்கள்.

பீலியோவில் மலையேறும் சின்ன ரயில் ஒன்று உண்டாமே?

அதற்குப் பெயர் மூட்ஸூரிஸ், கரி அப்பிய முகத்துக்காரன் என்று அர்த்தம். 60 சென்டிமீட்டர் அகலத் தண்டவாளம். வோலோஸிலிருந்து மலைமேல் மீலியெஸ் கிராமம் வரை 1903-இல் பாதை முடிந்தது, 1971-இல் நிறுத்திவிட்டார்கள், 1996-இலிருந்து சுற்றுலாவுக்காக ஆனோ லெஹோனியா என்ற இடத்திலிருந்து ஓட்டுகிறார்கள். பாதை போட்ட பொறியாளர் எவாரிஸ்தோ தே கிரிகோ என்ற இத்தாலியர். அவர் மகன்தான் ஜோர்ஜியோ தே கிரிகோ, 1888-இல் வோலோஸில் பிறந்த ஓவியர். வெறிச்சோடிய சதுக்கம், நீண்ட நிழல், தூரத்தில் புகைவிட்டுப் போகும் ஒரு ரயில் என்று வரைந்தாரே, அவர்தான். அப்பா வேலை செய்த ரயிலைப் பார்த்து வளர்ந்த பையன் என்று தெரிந்ததும் அந்த ஓவியங்களில் ரயில் ஏன் வந்துகொண்டே இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

ரயில் மிக மெதுவாகப் போகும், மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். கல் வளைவுப் பாலங்கள், மீலியெஸுக்குச் சற்று முன்னால் இரும்புப் பாலம் ஒன்று. பாலம் நேராக இருக்கும், அதன் மேல் தண்டவாளம் மட்டும் வளைந்து போகும், ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். இது தினமும் ஓடும் ரயில் இல்லை, பெரும்பாலும் வார இறுதியிலும் கோடை நாட்களிலும்தான். வெள்ளத்துக்குப் பிறகு கால அட்டவணையை நம்பாமல் நேரில் உறுதி செய்துகொள்வது நல்லது. ஓடாவிட்டாலும் மீலியெஸிலிருந்து தண்டவாளம் ஓரமாகவே அந்த இரும்புப் பாலம் வரை நடந்து போய் வரலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

மீலியெஸில் தேவாலயத்துக்குள்ளும் போங்கள். வெளியே சாதாரணக் கல் கட்டடம், உள்ளே சுவர் முழுக்கப் படம். 1821 கிரேக்க விடுதலைப் போரில் இந்தப் பகுதியின் கொடி ஏறியது இந்த ஊரில்தான், அந்திமோஸ் காஸிஸ் என்ற பாதிரியார் ஏற்றினார். பழைய நூலகமும் இருக்கிறது.

மக்ரினிட்ஸா என்ற மலைக் கிராமம் கூட்டமா?

ஆமாம், ஆனாலும் போங்கள். வோலோஸிலிருந்து 17 கிலோமீட்டர், நகரப் பக்கமிருந்து எளிதாகப் பேருந்து கிடைக்கும். ஊருக்குள் கார் போகாது. பீலியோவின் பால்கனி என்பார்கள், சதுக்கத்தில் நின்றால் கீழே நகரமும் வளைகுடாவும் காலடியில். வீடுகள் சரிவில் கட்டியவை, முன்னால் பார்த்தால் மூன்று மாடி, பின்னால் போனால் ஒரு மாடி. சதுக்கத்தில் உள்ள காபிக் கடை ஒன்றில் தேயோஃபிலோஸ் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. இவர் உணவுக்கும் உறங்க இடத்துக்குமாகக் கடைகடையாக, வீடுவீடாக வரைந்து திரிந்த நாட்டுப்புற ஓவியர், ஓவியப் பள்ளியில் படித்தவரெல்லாம் இல்லை. அவர் ஒரு வீடு முழுக்க வரைந்ததை அனகாசியாவில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், மக்ரினிட்ஸா போகும் வழியிலேயே வரும். மக்ரினிட்ஸாவுக்கு முன்னால் வரும் போர்த்தாரியாவில் சென்டார்களின் பாதை என்று ஓடையோரமாக ஒரு சின்ன நடை இருக்கிறது, குழந்தைகளுக்கு ஏற்றது.

சென்டார் என்றால் அந்தப் பாதி குதிரை மனிதன்தானே?

அவனேதான். கிரேக்கப் புராணத்தில் அவர்களின் வீடு இந்த மலை. அவர்களில் ஞானியான கீரோன் இங்கே ஒரு குகையில் இருந்து அக்கிலீஸ், ஜேசன் என்ற புராண வீரர்களுக்கு வைத்தியம் முதல் வில்வித்தை வரை சொல்லிக் கொடுத்தான், குருகுலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜேசன் தங்க ஆட்டுத்தோலைத் தேடிப் புறப்பட்ட ஆர்கோ கப்பலுக்கு மரம் வெட்டியது பீலியோவில், கப்பல் கிளம்பியது இந்த வளைகுடாவிலிருந்து. வோலோஸ் கடற்கரையில் 50 துடுப்பு வைத்த ஆர்கோ மாதிரிக் கப்பல் நிற்கிறது. அது வெறும் காட்சிப்பொருள் இல்லை, 2008-இல் உண்மையாகவே துடுப்புப் போட்டு வெனிஸ் வரை போயிருக்கிறார்கள்.

அக்கிலீஸின் பெற்றோரான பெலியூஸ், தீட்டிஸ் கல்யாணம் நடந்ததும் இந்த மலையில்தான். அழைக்காத ஒருத்தி ‘மிக அழகானவளுக்கு’ என்று எழுதிய தங்க ஆப்பிளை விருந்தில் உருட்டிவிட்டாள், அது டிராய் போர் வரை போய் முடிந்தது. இன்றைக்கும் மலையின் கிழக்குப் பக்கம் பிழைப்பது ஆப்பிளில்தான். ஸகோராவின் கூட்டுறவுச் சங்கம் 1916-இல் தொடங்கியது, கிரீஸ் முழுவதும் அதன் ஆப்பிள் போகிறது. ஃபிரீக்கி என்று கைக்கடக்கமான நீளவாட்டு ஆப்பிள் ஒன்று உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

நகரத்தில் அருங்காட்சியகம் ஏதாவது?

ஒன்றே ஒன்றுக்கு நேரம் இருந்தால் அதானசாக்கியோ தொல்லியல் அருங்காட்சியகம், 1909-இல் திறந்தது. அங்கே தெமெத்ரியாஸ் என்ற பழைய நகரத்தின் கல்லறைக் கற்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வண்ணம் மிச்சமிருக்கிறது. கிரேக்கச் சிற்பம் என்றாலே வெள்ளைச் சலவைக்கல் என்று நினைத்துக்கொண்டு போனேன். இங்கே பார்த்தால் பெயின்ட் அடித்த முகங்கள். அவசரத்துக்குக் கோட்டைக் கோபுரத்தைப் பலப்படுத்த இந்தக் கற்களைப் பிடுங்கி உள்ளே போட்டு அடைத்துவிட்டார்கள், வெயிலும் மழையும் படாததால் வண்ணம் தப்பித்தது. பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண் கட்டிலில் கிடக்கிறாள், கணவன் அருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், பின்னால் கதவோரம் ஒருத்தி குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கல் முன்னால் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

சலாபாத்தாஸ் ஓட்டுத் தொழிற்சாலையும் பார்க்கலாம், 1926-இல் தொடங்கிய செங்கல் சூளையை அப்படியே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். திமினி, செஸ்க்லோ இரண்டும் புதிய கற்காலக் குடியிருப்புகள், ஊருக்குப் பக்கம்தான், ஆனால் தொல்லியலில் ஆர்வம் இல்லாதவருக்கு அது அடி உயரக் கல் சுவர்கள் மட்டுமே.

சாப்பாடு? ஸிபுரோ என்றால் என்ன?

ஸிபுரோ திராட்சைச் சக்கையில் வடிக்கும் சாராயம். வோலோஸ் அதற்குப் பேர்போனது. ஸிபுராதிகோ என்ற கடைக்குப் போய் உட்கார்ந்தால் உணவுப் பட்டியலைத் தேட வேண்டாம். ‘மே யி ஹோரிஸ்?’ என்பார்கள். சோம்பு போட்டதா, போடாததா என்று கேட்கிறார்கள். 50 மில்லி சின்னக் குப்பி வரும், கூடவே ஒரு தட்டு தீனி. அடுத்த குப்பி கேட்டால் அடுத்த தட்டு, வேறு தீனி. தட்டைத் தேர்ந்தெடுப்பது சமையற்காரர், நாம் இல்லை. குப்பி ஏற ஏறத் தட்டும் தேறும்: முதலில் ஊறுகாய், சின்ன மீன், பிறகு இறால், ஆக்டோபஸ் என்று போகும். 1922-க்குப் பிறகு சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதிகளாக வந்தவர்களோடு வளர்ந்த பழக்கம் என்கிறார்கள். இதை மதியத்தில் குடிக்கிறார்கள், அதுவும் நிதானமாக, மூன்று மணி நேரம். மூன்றாவது குப்பிக்கு மேல் போனால் மாலைத் திட்டத்தை ரத்து செய்துவிடுங்கள்.

மலையில் ஸ்பெட்ஸோஃபாய் கேளுங்கள், காரமான பன்றித் தொத்திறைச்சியும் குடைமிளகாயும் தக்காளியில் வெந்தது.

சைவம் சாப்பிடுகிறவர் என்ன செய்வது?

நினைத்ததைவிட எளிது. ஃபாவா என்று மஞ்சள் பருப்பை மசித்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள், தாளிக்க மறந்துபோன பருப்பு மாதிரி இருக்கும், எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும். யீகாந்தெஸ், பெரிய வெள்ளை பீன்ஸ் தக்காளியில். யெமிஸ்தா, அரிசி அடைத்த தக்காளி, ஆனால் சில இடத்தில் கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஹோர்த்தா, வேகவைத்த கீரை. காலையில் எந்த ரொட்டிக்கடையிலும் கீரை பஃப், சீஸ் பஃப்.

‘நிஸ்திசிமோ’ என்ற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரத உணவு என்று பொருள், கறி, மீன், பால், முட்டை கிடையாது. ஆனால் ஒரு கண்ணி உண்டு: இறால், கணவாய், ஆக்டோபஸ் விரதத்தில் அனுமதி. விரதம்தானே என்று நம்பி ஆக்டோபஸ் கால் மிதக்கும் தட்டைப் பார்த்து விழித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி, ஹோரிஸ் தலஸ்ஸினா’, கறி வேண்டாம், மீன் வேண்டாம், கடல் உணவும் வேண்டாம். மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கார் எடுக்கவா, பேருந்து போதுமா?

மக்ரினிட்ஸா, போர்த்தாரியா, அஃபிஸ்ஸோஸ், மீலியெஸ் இவற்றுக்குப் பேருந்து போதும். கிழக்குப் பக்கத்துக்குக் கார் நல்லது. நம் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு அனுமதிச் சீட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். சாலை குறுகல், வளைவு மேல் வளைவு, எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், அது நீங்களாகத்தான் இருக்கும். வயிற்றைப் புரட்டும் என்பவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். ட்ஸகராதா ஐம்பது கிலோமீட்டர்தான், ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பேருந்தை நம்பி ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். ட்ஸகராதாவில் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, மாலைப் பேருந்துக்கு அரை மணி முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். வரவில்லை. அது வார நாள் அட்டவணை. அன்று ஞாயிறு, பேருந்து மதியமே போய்விட்டது. ஞாயிறு என்று கிரேக்க எழுத்தில் போட்டிருந்ததை நான் ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்திருந்தேன். கடைசியில் நர்சரிச் செடிகள் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேனில் கார்டேனியா தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வோலோஸ் வந்து சேர்ந்தேன். கிரியாகி என்றால் ஞாயிறு. எழுத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை உச்சியில் மடங்கள் இருக்கும் மெத்தியோராவுக்கு ஒரு நாளில் போய் வரலாமா?

முடியும், சுமார் 140 கிலோமீட்டர். ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் மடங்களில் ஓட்டம். அங்கே ஓர் இரவு தங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தீவுகளில் ஒன்று மட்டும் என்றால்?

அலோனிஸோஸ். ஸ்கியாதோஸ் விமானம் வந்து இறங்கும் தீவு, கூட்டம் அங்கே. அலோனிஸோஸைச் சுற்றி 1992-இல் அறிவித்த கடல் பூங்கா இருக்கிறது, மத்தியதரைக்கடல் துறவிச் சீல் என்ற அரிய கடல்நாய்க்காக. சீலைப் பார்ப்போம் என்று நம்பிப் போகாதீர்கள், அது கூச்சப்பட்ட பிராணி, கடல் குகைகளில் ஒளிந்திருக்கும். நான் டால்பின் பார்த்தேன், அதோடு திருப்தி.

வேறு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா?

‘நே’ என்றால் ஆமாம். இது பழக இரண்டு நாளாகும். தலையை மேலே தூக்கி ‘ட்ஸ்’ என்றால் இல்லை. கழிப்பறையில் காகிதத்தைக் கூடையில் போட வேண்டும், குழாய் அடைத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைகள் மூடும், மலைக் கிராமத்தில் அந்த நேரத்தில் சத்தம் போட்டுப் பேசினால் மேலேயிருந்து ஒரு ஜன்னல் திறக்கும். கிராமச் சதுக்கங்களில் ஊற்றுத் தண்ணீர் குழாய் இருக்கும், உள்ளூர்க்காரர் பாட்டிலில் பிடிக்கிறார் என்றால் நீங்களும் பிடிக்கலாம்.

என்ன வாங்கி வரலாம்?

கரண்டி இனிப்பு என்று பழத்தைப் பாகில் போட்ட பாட்டில்கள். செர்ரி, சீமை மாதுளை எல்லாம் இருக்கும், பிஞ்சு வால்நட் போட்டதை வாங்குங்கள், கருப்பாக, கிராம்பு வாசனையோடு இருக்கும். மலைத் தேநீர் ஒரு கட்டு. செஸ்ட்நட் தேன். அப்புறம் ட்ஸிட்ஸீரவ்லா, காட்டுப் பிஸ்தா மரத்தின் இளந்தளிரை வினிகரில் போட்ட ஊறுகாய், பீலியோவைத் தாண்டினால் கிடைப்பது அரிது. எல்லாவற்றையும் சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி. நான் ஒரே பை போட்டேன். மூன்று சட்டைகள் இன்னும் வினிகர் வாசனை அடிக்கின்றன.